ஹாலிஎலவிலிருந்து மடுல்சீமைக்கு, மார்சேய் வழியாக

1

நான் வேலை செய்யும் கட்டிடத்துக்கு ஜன்னல் கிடையாது. மார்சேய் துறைமுகத்தை ஒட்டி நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பழைய சரக்குக் கிடங்கு மாதிரி இருக்கும். ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கடலுக்கு அடியில் வருகிற இணையக் கம்பிகள் கரையேறி இந்த மாதிரிக் கட்டிடங்களில்தான் வந்து சேர்கின்றன. உள்ளே ஆளுயர அலமாரிகள், அவற்றில் இயந்திரங்கள், பச்சை விளக்குகள், நாள் முழுக்க ஓயாத காற்றாடிச் சத்தம். ஓர் அலமாரியிலிருந்து இன்னோர் அலமாரிக்குக் கம்பி இழுத்து இரண்டு முனையிலும் சீட்டு ஒட்டுவது என் வேலை. வாய் திறக்க வேண்டிய தேவை அதிகம் இல்லை. அதனால்தான் இத்தனை வருடம் இங்கே நிலைத்தேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் பதுளை மலைப் பக்கம் அந்தப் பெரிய மழை பெய்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் மண் சரிந்த இடங்களில் மெழுகுதிரி ஏற்றியிருப்பீர்கள். இங்கே யாருக்கும் அந்த நாள் தெரியாது. நானும் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தேன். ட்ராமில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிரெஞ்சில் எப்படித் தொடங்குவது என்று யோசிப்பதற்குள் அவர் இறங்கிவிட்டார். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் மேற்பார்வையாளர் பெயர் மிஷேல். என் பிரெஞ்சைக் கேட்டுச் சிரிக்காத சிலரில் ஒருவர். சில வருடங்களுக்கு முன் ஒரு சாப்பாட்டு வேளையில், என் நாட்டிலிருந்து, கொழும்புப் பக்கமிருந்து வருகிற கம்பி எது என்று காட்டினார். பிறகு ஒரு காகிதத்தில் கோடு போட்டு விளக்கினார். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருக்கும் இரண்டு பேர் வேறு வேறு கம்பெனியிடம் இணைப்பு வாங்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த இரண்டு கம்பெனியும் உள்ளூரில் எங்கேயும் ஒன்றையொன்று தொடவில்லை என்றால், ஒருவர் பேசுவது தலைநகருக்குப் போய், கடலில் இறங்கி, சிங்கப்பூரிலோ இங்கேயோ கைமாறி, அதே வழியில் திரும்பிப் போக வேண்டும்.

"முட்டாள்தனம் இல்லையா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். என் குடும்பமும் அப்படித்தான் நடக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை.

2

நாங்கள் மூன்று பேர். மூத்தவர் சூசை அண்ணன். மடுல்சீமையில், நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதே வரிசை வீட்டிலேயே இருக்கிறார். நடுவில் நான். கடைசி தங்கச்சி மேரி, ஹாலிஎலவில் கட்டிக்கொடுத்தோம். அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள்.

மேரியின் மூத்த மகள் ஷாமினி பெரிய பிள்ளையானபோதுதான் சண்டை வந்தது. எங்கள் ஆட்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்களாக இருந்தாலும் தாய்மாமன் வராமல் அந்தச் சடங்கை நடத்த மாட்டார்கள். தாய்மாமனைச் சும்மா வாயால் அழைக்கவும் முடியாது. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து, வீட்டுப் படியேறி, கையில் கொடுக்க வேண்டும். அதுவும் மூத்த மாமனுக்கு முதலில். மேரிக்கு அப்போது கைக்குழந்தை. புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஹாலிஎலவிலிருந்து பதுளை, பதுளையிலிருந்து பசறை, அங்கிருந்து மடுல்சீமைக்கு ஏறி இறங்கினால் ஒரு முழு நாள் போய்விடும். எனக்குப் போன் எடுத்தாள்.

"சின்னண்ணே, நீங்களே பெரியண்ணன்கிட்ட சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பாரு. ரெண்டு மாமனுக்கும் சேத்து ஒரே அழைப்பா வச்சுக்கிட்டா போச்சு."

நான் அண்ணனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"ஹாலிஎலவுல இருந்து மடுல்சீமைக்கு அழைப்பு பிரான்சு வழியாத்தான் வருமா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, அவளுக்குக் கைப்புள்ள..."

"நாளைக்கு நான் செத்தாலும் அவளுக்கு அங்க இருந்துதான் சேதி போகணுமாக்கும். சரி. அப்படியே வச்சுக்குவோம்."

பிறகு அண்ணிதான் சொன்னார். ஷாமினி பெரிய பிள்ளையான செய்தி காதில் விழுந்த நாளிலிருந்து, பஸ் வரும் நேரமெல்லாம் அண்ணன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தாராம். வருகிற தங்கச்சிக்குக் கொடுக்க ஒரு டின் பிஸ்கட்டும் வாங்கி வைத்திருந்தாராம்.

அவர் சடங்குக்குப் போகவில்லை. மேரி அழுது தீர்த்துவிட்டு, "எம்புள்ளைய வாழ்த்த வராதவரு எனக்கு அண்ணனே இல்ல" என்றாள். அதையும் என்னிடம்தான் சொன்னாள்.

3

அதற்குப் பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் எந்தச் செய்தி போனாலும் மார்சேய் வழியாகத்தான் போனது. யாருக்குக் காய்ச்சல், யார் பரீட்சை எழுதினார்கள், யாருடைய மாமியார் இறந்தார், எல்லாம்.

கல்லறைத் திருநாள் வந்தால் போதும். அண்ணன் எடுப்பார். "அம்மா அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கணும். வலப்பக்கம் நான் அடிச்சிட்டேன். எடப்பக்கம் அவ வந்து அடிக்கட்டும். நான் இல்லாத நேரமா வரச் சொல்லு."

நான் மேரிக்கு எடுப்பேன். "போன வருசம் பாத்தேனே அவரு அடிச்ச சுண்ணாம்ப. சுவத்துல பால் கொட்டுன மாதிரி. நீலம் கலக்கணும்னுகூட தெரியாத ஆளு கல்லறைக்கு வெள்ளை அடிக்க வந்துட்டாருன்னு சொல்லுங்க."

நான் அண்ணனிடம், "மேரி கொஞ்சம் நீலம் கலந்தா நல்லாருக்கும்னு சொன்னாண்ணே" என்பேன்.

"அவ அப்படிச் சொல்லியிருக்க மாட்டாளே" என்பார் அண்ணன்.

என் மனைவி பிலோமினா மன்னார்க்காரி. மார்சேயில் தமிழ்ப் பூசைக்கு வந்த இடத்தில்தான் பார்த்தேன். சமையலறையில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டே, "கல்யாணத் தரகர் மாதிரிச் சண்டைத் தரகர் நீங்கள். கூலிதான் இல்லை" என்று சிரிப்பாள். மகள் ஜெசிந்தா இங்கே பிறந்தவள். அவளுக்குத் தமிழில் 'நீங்க' வராது. எல்லோரும் 'நீ'தான். ஒருநாள் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, இரண்டு விரலால் இரண்டு ஊரையும் தொட்டுக் காட்டினாள். "பாரு அப்பா. அவங்க ரெண்டு பேரும் கிட்ட. நீதான் தூரம். அப்ப ஏன் நீ?" என்றாள். மிஷேல் காகிதத்தில் கோடு போட்டுக் கேட்ட அதே கேள்வி.

பிலோ போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. வயிற்றில் கட்டி. ஜெசி இப்போது லியோனில் படிக்கிறாள். முதலில் மாதம் ஒருமுறை வந்தாள். இப்போது நத்தாருக்கும் ஈஸ்டருக்கும். வந்தாலும் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில். அவளுடைய வேகத்துக்கு என் பிரெஞ்சு ஓடாது. இரண்டு பேரும் டிவி பார்ப்போம்.

ஆகவே வீட்டில் போன் அடித்தால் அது அண்ணன், இல்லாவிட்டால் மேரி. "அவகிட்ட சொல்லு" என்றோ "அவர்கிட்ட சொல்லுங்க" என்றோதான் பேச்சு தொடங்கும். முடிக்கும்போது அண்ணன், "நீ நல்லாத்தான் இருப்ப" என்பார். அது கேள்வி இல்லை. நானும் பதில் சொல்வதில்லை. பிலோவின் அடக்கத்துக்குப் பிறகுகூட அவர்கள் இரண்டு பேரும் ஒரு வாரம் அழுதுவிட்டுப் பழையபடி செய்தி சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

பூசையில் அவர்கள் சமாதானமாக வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். அப்படி ஆகிவிட்டால் எனக்கு யார் போன் எடுப்பார்கள் என்ற நினைப்பும் கூடவே வரும். கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போதே வரும்.

4

இந்த நிலையில்தான் பதுளையில் ஓர் அறை வந்தது.

நாட்டை விட்டு வருவதற்கு முன் நான் பதுளை டவுனில் முஸ்லிம் முதலாளி ரபீக் நானாவின் இரும்புக் கடையில் வேலைக்கு நின்றவன். நானா இன்றைக்கும் பெருநாளுக்கு மறக்காமல் எடுப்பார். ஒருமுறை எடுத்தபோது, கடையின் மேல்மாடியை இணைய வேலைக்கு வாடகைக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

"நீங்க படுத்துக் கெடந்த அதே ரூம்தான் தம்பி. மனுசன் இருந்த காலத்துல நான் ஒரு ஃபேன் போட்டுக் குடுக்கல்ல. இப்ப மெஷினுக்கு ஏசி ஓடுது. ஜெனரேட்டர் வேற."

"எதுக்கு நானா?"

"எல்லாக் கம்பெனிட கம்பியும் இந்த ரூம்ல வந்து கைகுடுக்குமாம். இங்க இருந்து ஒண்டு ஹாலிஎல, பண்டாரவளை, ஹல்துமுல்லைப் பக்கம். மத்தது பசறையால மடுல்சீமைக்கு. நம்ம ஊவா மாகாணத்துப் பேச்சு ஊவாக்குள்ளயே மாறிக்கும். நம்ம கரட் கதை தெரியும்தானே? வெலிமடையில புடுங்குற கரட் லொறியில ஏறி அவ்வளவு தூரம் தம்புள்ளைச் சந்தைக்குப் போய், வெல போட்டு, திரும்ப லொறியில ஏறி பதுளைச் சந்தைக்கு வருது. வாடிப் போய்! போனும் அப்படித்தான் போய் வருதாம். இனி நம்ம கரட் நம்ம சந்தையில."

இத்தனை வருடம் கம்பி இழுத்தும், மிஷேல் கோடு போட்டுக் காட்டியும் எனக்கு முழுதாக விளங்காத ஒன்று நானா சொன்ன கரட்டில் விளங்கியது. இதற்கு முந்தைய ஒரு மழைக்காலத்தில் கொழும்புப் பாதை அறுந்தபோது, தோட்டத்து மருந்தகத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்குக்கூடப் பேச முடியாமல் போனதாம். இரண்டும் ஊவாவுக்குள்தான் இருக்கின்றன. பேச்சு மட்டும் வெளியே போய் வர வேண்டியிருந்தது. அதனால்தான் இந்த வேலையைத் தொடங்கினார்கள்.

கம்பி மடுல்சீமைக்குப் போகும் பாதையில் குழி வெட்ட ஆள் எடுத்தார்கள். தோட்டத்தில் கொழுந்து பறிப்புக் குறைந்த மாதம். அண்ணனும் போனார். ஒரு மாலை எடுத்து, மேரியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நேராகக் குழியைப் பற்றியே பேசினார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ரோட்டோரமா இடுப்பளவு வெட்டுறோம்டா. செகப்பா ஒரு கொழாயப் போட்டு மூடுறோம். உள்ள போற கம்பி தலமயிரு மாதிரி. கண்ணாடியாம்ல?"

"ஆமாண்ணே. நாங்களும் அதத்தான் இழுக்குறோம்."

"நாங்கன்னா?"

"நான் வேலை செய்யுற எடத்துல."

"கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்ன?"

"கம்ப்யூட்டருக்குப் பக்கத்துல நின்னு செய்யுற வேலைண்ணே."

அண்ணன் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. "அட கிறுக்கா, இதுக்கா பிரான்சுக்குப் போன? இங்கயே இருந்திருந்தா ரெண்டு பேரும் சேந்து தேயிலைக்குள்ள தண்ணி ஓடக் கான் வெட்டியிருக்கலாமேடா!"

நானும் சிரித்தேன். அண்ணன் என்னைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான். அடுத்த கிழமை மறுபடி, "அவகிட்ட சொல்லு" என்று தொடங்கினார்.

கம்பி போய்ச் சேர்ந்தது. இனி மேரி ஹாலிஎலவிலிருந்து பேசினால் பதுளை மேல்மாடியில் திரும்பி நேரே மடுல்சீமைக்குப் போகும். ஆனால் அவள் பேசவில்லை. எனக்குத்தான் எடுத்தாள். பாதை வந்துவிட்டது, இரண்டு பேரும் பழைய வழியிலேயே போனார்கள்.

5

பிறகு அந்த மழை.

முதல் நாள் மேரி எடுத்து, நல்ல மழை என்றாள். அடுத்த நாள் எடுத்தேன், மணி போகவில்லை. அண்ணனுக்கு எடுத்தேன், போகவில்லை. நானாவுக்கும் போகவில்லை. செய்தியில் பதுளைப் பக்கத்து மலைகளைக் காட்டினார்கள். பச்சை மலையில் சிவப்பாகப் பிறாண்டிய கோடுகள். எந்த மலை என்று பெயர் சொல்லவில்லை. மேரியின் வீட்டுக்குப் பின்னால் அப்படி ஒரு மேடு இருக்கிறது.

உறவினரைத் தேடுகிறவர்களுக்கு என்று ஓர் உதவி எண் போட்டிருந்தார்கள். எடுத்தேன். ஒரு பெண் பிரெஞ்சில் விவரம் கேட்டார். முதலில் அண்ணன் வீட்டு ஆட்களின் பெயர்களைச் சொன்னேன். வீதியின் பெயர் கேட்டார்.

"வீதி இல்லை. அவர்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள்."

பிரெஞ்சில் நான் சொன்ன சொல்லுக்குப் பூச்செடி வைக்கிற தோட்டம் என்றுதான் அர்த்தம். அந்தப் பெண் பதறிவிட்டார். "இந்த மழையில் தோட்டத்திலா? வீடு இல்லையா அவர்களுக்கு?"

"வீடு இருக்கிறது. வரிசையாக இருக்கும். ஆறாவது வரிசை, கீழ்ப் பிரிவு."

"வீட்டு இலக்கம்?"

"இலக்கம் இல்லை."

"கடிதம் எப்படி வரும்?"

"தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கே போய் எடுத்துக்கொள்வோம்."

வீதியும் இலக்கமும் இல்லாமல் கணினியில் பதிய முடியவில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். அவர் மேல் குற்றமில்லை. நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். ஒரு மனிதன் எங்கே பிறந்தான் என்பதைக் கணினியின் ஒரு கட்டத்துக்குள் என்னால் சொல்ல முடியவில்லை.

வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். எங்கள் நாட்டுப் பக்கத்திலிருந்து வரும் கம்பி எது என்று எனக்குத் தெரியும். அந்த அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன். விளக்குகள் எல்லாம் பச்சையாகத்தான் எரிந்தன. கடலில் ஒன்றும் அறுந்திருக்கவில்லை. மலையில் அறுந்திருந்தது. கொழும்புவரை எல்லாம் சரியாக இருந்தது, அதற்கு மேல் என் ஆட்கள் இருக்கும் துண்டு மட்டும் இருட்டு. மிஷேல் வந்து தோளில் கைவைத்தார். ஜெசி போன் எடுத்து, "பெரியப்பா எங்க அப்பா? அத்தை எங்க?" என்று தமிழில் கேட்டாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவளாகத் தமிழில் கேட்டாள். தெரியாது என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் நான் இருந்தால்தானே அவர்கள் ஒருவரையொருவர் விசாரிப்பார்கள். நான் இல்லையே. மேரிக்கு ஒன்று நடந்தால் அண்ணனுக்கு யார் சொல்வது? என்னை அரித்தது அதுதான்.

6

பல நாள் கழித்து ஒரு காலையில், வேலைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அண்ணன்.

"இருக்கோம்டா" என்றார். "எல்லாரும் இருக்கோம்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். "மேரிண்ணே? மேரி?"

"சின்னண்ணே!" என்று அதே போனில் மேரியின் குரல் கேட்டது.

எனக்கு விளங்கவில்லை. அவள் எப்படி அண்ணன் போனில்? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

"அந்தச் சுவரு வெடிச்சிச்சு பாருங்க சின்னண்ணே, சாமத்துல கேக்குற மாதிரி ஒரு சத்தம், பட்டப்பகல்ல..."

"மொதல்லேர்ந்து சொல்லு."

"அப்ப நீங்களே சொல்லுங்க."

"அவளே சொல்லட்டும்" என்றார் அண்ணன். பிறகு அவரே சொன்னார்.

வீட்டுச் சுவர் விரிசல் விட்டதும் மேரி முதலில் எனக்குத்தான் எடுத்திருக்கிறாள். போகவில்லை. மறுபடி எடுத்திருக்கிறாள். வெளிப் பாதை எல்லாம் அறுந்துவிட்டது, ஊவாவுக்குள் மட்டும்தான் பேசலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பதுளையில் நானாவின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மேரியின் போனில் அண்ணனின் நம்பர் இருந்தது. ஒருநாளும் அமுக்காத நம்பர்.

"மணி அடிக்குது. எடுத்து யாருன்னு கேட்டேன். நான்தான்னு ஒரு கொரலு. நான்தான்னா யாருங்குறேன், மறுபடி நான்தான்னே சொல்றா. ஏன், பிரான்சு கெட்டுப் போச்சான்னு கேட்டேன்."

"அந்த நேரத்துலயும் இவருக்குக் குத்தல் பேச்சு."

"சுவரு வெடிக்குதுண்ணேன்னா. அவ்வளவுதான், எனக்கு மத்ததெல்லாம் மறந்துபோச்சு. சட்டி பானை ஒன்னும் தூக்காத, புள்ளைகளக் கூட்டிக்கிட்டு ரயில் ஸ்டேசனுக்குப் போ, நான் வர்றேன்னேன்."

அவர்கள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மேடு இறங்கியிருக்கிறது. அடுப்போடு சேர்த்துக் குசினியும் பின்னறையும் போய்விட்டன. அண்ணன் மடுல்சீமையிலிருந்து பசறைக்கு நடந்தே வந்து, கிடைத்த லொறியில் பதுளைக்கு ஏறி, மறுபடி நடந்து ஹாலிஎலவுக்குப் போயிருக்கிறார். ரோடு திறந்ததும் அவர்களைத் தன் லயத்துக்கு அழைத்து வந்துவிட்டார்.

"லயத்துப் படியேறுனதும் இவ என்னா செஞ்சா தெரியுமா? என் வெத்திலைத் தட்டத் தூக்குனா. எனக்கே நீட்டுறா. ஷாமினிக்குக் கல்யாணம் பேசியிருக்கு, தாய்மாமன் வந்து முன்ன நின்னு நடத்திக் குடுக்கணுங்குறா. அடியே, என் வெத்திலையையே எனக்கு வைக்கிறியான்னு கேட்டேன்."

"எங்க வெத்திலையெல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சேண்ணே, நான் எங்க போவேன்?" என்றாள் மேரி.

எனக்குப் பழக்கம் விடவில்லை. "அண்ணே, மேரி என்னா சொல்றான்னா..." என்று தொடங்கிவிட்டேன்.

"கேக்குதுடா" என்றார் அண்ணன். "பக்கத்துலதான் இருக்கா."

7

ஷாமினியின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. என் வதிவிட அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். கையில் வெறும் பற்றுச்சீட்டுத்தான். அதை வைத்துக்கொண்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வருவது நிச்சயமில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். எப்போது அட்டை வரும் என்று கேட்டேன். வரும்போது தெரிவிப்போம் என்றார்கள். கோயிலில் ஒரு தூணோரம் போனைச் சாய்த்து வைத்து எனக்குப் பூசையைக் காட்டினார்கள். வாசகம் வாசித்ததெல்லாம் நன்றாகப் பார்த்தேன். அண்ணன் வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில் நின்றார். தாலி கட்டும் நேரத்தில் யாரோ நகர்ந்தபோது போன் சரிந்துவிட்டது. அதற்குப் பிறகு கோயில் கூரைதான் தெரிந்தது. பாட்டு மட்டும் கேட்டது. கூப்பிட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதன் பிறகு போன் குறைந்தது. கோபமெல்லாம் ஒன்றுமில்லை. அவர்கள் தினமும் பேசிக்கொள்கிறார்கள் என்று நானா சொன்னார். மேரியின் வீட்டைத் திரும்பக் கட்ட அண்ணன்தான் போய் நிற்கிறாராம். நல்ல செய்தி. நான் கேட்டு வேண்டிக்கொண்டதுதான். ஒரு மாதம் போனது. இன்னொன்று போனது. வேலையில் கம்பி இழுத்தேன், சீட்டு ஒட்டினேன். மிஷேல் ஒருமுறை, உங்கள் பக்கத்திலிருந்து இங்கே வந்து திரும்புகிற இணையப் போக்குவரத்து குறைந்துகொண்டே வருகிறது, நல்ல முன்னேற்றம் என்றார். நல்லதுதான் என்றேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து அண்ணனுக்கு எடுத்தேன். அங்கே மாலை நேரம்.

"என்னாடா, சொல்லு. மேரி காலையிலயே பேசிட்டாளே."

"மேரி ஒன்னும் சொல்லலண்ணே."

"பின்ன? யாரு என்னா சொல்லச் சொன்னது?"

"யாரும் ஒன்னும் சொல்லச் சொல்லல."

பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. "சத்தத்தக் கொற" என்று அண்ணன் யாரையோ அதட்டினார். சத்தம் நின்றது.

"என்னா சாப்பிட்ட?" என்று கேட்டார்.

"ரொட்டி."

"ஞாயித்துக்கெழமை சமைக்கலயா?"

"ஒரு ஆளுக்கு என்னாண்ணே சமைக்கிறது."

"புள்ள?"

"லியோன்ல. இப்ப அதிகம் வர்றதில்ல. வந்தாலும் பேச்சு இல்ல."

"ஏன்?"

ஏன் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. என் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. ஜெசியின் வேகத்துக்கு என்னால் ஓட முடியாதது. பிலோவின் உடுப்பெல்லாம் இன்னும் அலமாரியிலேயே இருப்பது. அதைக் கொடுத்துவிட ஒரு பெட்டி வாங்கி, பெட்டியும் வெறுமனே கிடப்பது. மழை நாட்களில் அந்த விளக்குகளுக்கு முன்னால் நின்றது. கல்யாணத்தன்று கூரையைப் பார்த்தது. நான் இவ்வளவு நேரம் பேசி அண்ணன் கேட்டதேயில்லை. நானும் கேட்டதில்லை.

"இதெல்லாம் ஏன்டா சொல்லல?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் எப்பவும் அவசரத்துல இருந்தீங்கண்ணே."

அண்ணன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி" என்றார். "மேரிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"வேணாம்ணே" என்றேன். "நானே சொல்றேன்."

அவரிடம் வைத்துவிட்டு ஹாலிஎலவுக்கு எடுத்தேன். மேரி உடனே எடுத்தாள். பின்னால் பலகை அறுக்கும் சத்தம்.

"சொல்லுங்க சின்னண்ணே. பெரியண்ணன் என்னா சொல்லச் சொன்னாரு?"

"அண்ணன் ஒன்னும் சொல்லலம்மா" என்றேன். "நான்தான் பேசுறேன்."